சொர்ணலதா நீக்காத படம்

மண்டி மொஹல்லாவில் ஒரு துணிக்கடைக்கு மேல் சீனிவாசனின் ஸ்டுடியோ இருக்கிறது. பிறந்து பத்துப் பதினைந்து நாளான குழந்தைகளைத் துணியில் சுற்றிக் கூடையில் படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். எட்டு வருடமாக அந்தக் குழந்தைகளைச் சுற்றித் தூங்க வைத்தவள் சொர்ணலதா. வயது நாற்பது, பிறந்த ஊர் ஹனூர். அவளுக்குக் குழந்தை இல்லை.

போன வருடம் மனிஷா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கை பழக சீனிவாசன் ஒரு குழந்தைப் பொம்மை வரவழைத்தார். மூன்று கிலோ எடை. நெற்றியோரம் பச்சை நரம்பு, மூக்கில் பிறந்த குழந்தைக்கு இருக்குமே, அந்த வெள்ளைப் பொட்டுகள், இழை இழையாக நட்ட முடி. தூக்கினால் தலை பின்னால் சரியும். கை தானாகப் போய்த் தாங்கும். தாங்கிய கையில் சூடு ஏறாது. முதல் நாள் சொர்ணலதா அதன் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு உடம்பெல்லாம் கூசியது.

மனிஷா அதை நாள் முழுக்க மடியில் வைத்துச் சுற்றுவாள், பிரிப்பாள், மறுபடி சுற்றுவாள்.

"நான் எட்டு வருஷம் உசிருள்ள புள்ளைங்ககிட்ட படிச்சத, அவ ரெண்டே மாசத்துல ரப்பர்கிட்ட படிச்சுட்டா" என்று சொர்ணலதா வீட்டில் புருஷனிடம் புலம்பினாள். "மனிஷாவுக்குக் கை நல்லா படிஞ்சிடுச்சு" என்று சீனிவாசன் சொன்ன அன்று அவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

தை மாதத்தில் கொள்ளேகாலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மீனா என்ற இளம் தாய், அவள் கைக்குழந்தை, மாமியார் லிங்கம்மா. சொர்ணலதா கை நீட்டியபோது லிங்கம்மா கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"இல்லீங்க."

"அப்ப அந்தப் பொண்ணே தூக்கட்டுமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

மனிஷா தலைகுனிந்தபடி குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சொர்ணலதாவுக்கு மிச்சமிருந்தது பொம்மைதான். குழந்தை அழுது, மீனா மாமியாரோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, விளக்கைச் சரிபார்க்க சீனிவாசன் பொம்மையை வைக்கச் சொன்னார். குழந்தைக்கு எடுத்து வைத்திருந்த மஞ்சள் துணியிலேயே அவள் அதைச் சுற்றினாள். ஆத்திரமும் சேர்ந்ததாலோ என்னவோ, அவ்வளவு அழகாக அவள் எந்தக் குழந்தையையும் சுற்றியதில்லை. பிறகு குழந்தை வந்தது. மனிஷாவின் கையில் பத்து நிமிஷம் தூங்கியது.

படங்களைப் பிரித்து வாடிக்கையாளருக்கு அனுப்புவது சொர்ணலதாவின் வேலை. பொம்மைப் படங்களை நீக்கினாள். ஒன்றை மட்டும் நீக்கவில்லை.

அறுபது படத்தில் லிங்கம்மா அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். "மூக்கு அப்படியே எம் பையனுது!" என்று போனிலேயே சிரித்தாள். அதைப் பெரிதாகச் சட்டம் போட்டு அனுப்பினார்கள். மனிஷா சுற்றிய ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை என்பதில் சொர்ணலதாவுக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

பத்து நாள் கழித்து மீனா குழந்தையோடு தனியாகப் படியேறி வந்தாள்.

"அக்கா, எம் புள்ளைக்குக் காதுல மச்சம் இருக்குது. அந்தப் போட்டோல இல்ல."

சொர்ணலதா மறைக்கவில்லை. "பொம்மைம்மா அது. தெரிஞ்சுதான் விட்டேன். நான் சுத்துனதுங்கறதால."

மீனா கத்துவாள் என்று நினைத்தாள். அவள் அழுதாள். "இவன் ராப்பகலா கத்தறான். அத்தை அதக் காட்டி, 'பாரு, எம் பேரன் எவ்வளவு சாதுவாத் தூங்கறான்'ங்கறாங்க. ஒரு பொம்மையப் பாத்து எனக்கு வயிறு எரியுதுக்கா."

விஷயம் தெரிந்து சீனிவாசன் சொர்ணலதாவைத் திட்டித் தீர்த்தார். மறுபடி எடுத்துத் தருவதாகச் சொன்னார். "யாரு தூக்கறதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். மீனா குழந்தையைச் சொர்ணலதாவிடமே கொடுத்தாள்.

அரைமணி நேரம் சொர்ணலதா ஆட்டினாள், தட்டினாள். குழந்தை தூங்கவே இல்லை. மனிஷா பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. கடைசியில் வாய் பிளந்து, முகம் சிவந்து அழும்போதே சீனிவாசன் படம் எடுத்தார். காது மச்சம் தெளிவாக விழுந்திருந்தது. "இதே போதும்" என்றாள் மீனா.

சொர்ணலதா அங்கேயேதான் வேலை செய்கிறாள். மனிஷாவின் கையைப் பார்க்கும்போது இன்னமும் எரிகிறது. ஆனால் அந்தப் படம் எடுத்த மறுநாள், "நீ புள்ளைங்க கால மடக்கிச் சுத்தறது எப்படின்னு காட்டு" என்று அவளிடம் கேட்டாள். கேட்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.