பாவா கேட்ட கேள்வி

முப்பத்திரண்டு வயதில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனித்தேர்வராக விண்ணப்பித்தேன். பத்தாவதோடு படிப்பு நின்று, பிறகு கல்யாணமாகி, பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த நேரம். பன்னிரண்டு முடித்தால் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம் என்று தெருவில் ஒருத்தி சொன்னாள்.

ஆங்கிலம்தான் பயம். நாட்டுத் தலைவர் ஒருவர் நாளைய இந்தியாவைப் பற்றிய தன் கனவைச் சொன்ன உரை பாடத்தில் இருந்தது. அதிலிருந்து பெரிய கேள்வி வரும் என்று டுடோரியலில் ஒரு விடையைக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் திருத்தணி ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மாமா மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாவா; ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பக்கம் அத்தானைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவோம். மதியம் சவாரி குறைந்ததும் சாப்பிட வருவார். எட்டாவதோடு நின்றவர், ஆங்கிலம் படிக்க வராது. நான் ஒப்பிப்பதைச் சரிபார்க்க வேறு ஆள் இல்லாததால், விடை முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி அவரிடம் கொடுத்தேன். சோற்றைப் பிசைந்தபடியே தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே."

"சொன்னேன் பாவா."

"சொல்லல. இங்க 'அண்ட்'னு கீது பாரு."

பத்து நாளில் அந்த விடை எனக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. அப்போதுதான் அவர் கேட்டார்: "அது சரி, இவரு இன்னாதான் சொல்றாரு?"

"நாடு முன்னேறணும்னு சொல்றாரு."

"அத்த எல்லாருந்தான் சொல்றாங்க. இவரு இன்னா சொல்றாரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஆத்திரத்தில், "பரீட்சைக்கு அதெல்லாம் வேணாம். நீங்க தாளப் பாத்துகினு இருந்தா போதும்" என்றேன். அவர் கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மதியம் வெட்கமாக இருந்தது. விடையை மூடி வைத்துவிட்டு, உரையையே எடுத்து உட்கார்ந்தேன். தெரியாத சொல்லையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்துப் படித்ததில் மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே தமிழில் சொன்னேன். நம் வேலையை நாமே நன்றாகச் செய்ய வேண்டும், எந்த வேலையும் தாழ்வில்லை, ஏழைப் பிள்ளையும் பெரிதாக நினைக்க வேண்டும் என்கிறார் என்றேன்.

"ஆட்டோ ஓட்றவனுக்கு இதுல எடம் கீதா?"

"ஆங். எந்த வேலையும்னுதானே சொல்றாரு."

"அந்த எடத்த இங்கிலீஷ்ல படி, கேப்போம்."

படித்தேன். தட்டில் கை வைத்தபடி, சாப்பிடாமல் கேட்டார். அதன்பிறகு அந்தத் தாளை நாங்கள் எடுக்கவே இல்லை. தினமும் அந்த உரையைப் பற்றித்தான் பேச்சு, சண்டையும்கூட.

பரீட்சை அரக்கோணத்தில். வினாத்தாளைப் புரட்டினேன். தலைவரின் கனவில் உன் பங்கு என்ன என்று கேட்டிருந்தார்கள். மனப்பாடம் செய்தது எதுவும் அதற்குப் பொருந்தாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு, சாப்பாட்டு நேரத்தில் பேசியதையெல்லாம் நினைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினேன். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். யாத்திரிகர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறார். நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித்தரப் போகிறேன். பிழைகள் நிறைய இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

அன்றைய சவாரியை விட்டுவிட்டு ரயிலில் என்னோடு வந்த பாவா, வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. வேற மாதிரி. உங்களப் பத்திகூட எழுதிட்டேன்."

"பேரு போட்டியா?"

"பேரெல்லாம் போடக் கூடாது பாவா."

"அப்ப திருத்தறவருக்கு நான்னு எப்படித் தெரியும்?" உண்மையிலேயே வருத்தமாகத்தான் கேட்டார். ஸ்டேஷன் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

எல்லாப் பாடத்திலும் தேறினேன். ஆங்கிலத்தில்தான் மார்க் குறைவு. அங்கன்வாடி வேலை கிடைக்க இன்னும் ஒன்றரை வருடமாயிற்று. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். பாதிப் பிள்ளைகள் தெலுங்கில் அழும், தமிழில் சோறு கேட்கும்.

அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், வினாத்தாளைப் பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருப்பேன். எரிந்து விழுந்ததற்கு இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை. நன்றி என்றும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.