போர்வை ஏட்டு

எங்கள் அப்பாவைத் தெருவே 'போர்வை ஏட்டு' என்று கூப்பிடும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான்கு அக்காக்களுக்குப் பின் பிறந்தவர். அவர் அதட்டினால்கூடக் கெஞ்சுவதுபோல்தான் இருக்கும். போலீஸ் சட்டை பொருந்தியது, போலீஸ் மனசு பொருந்தவில்லை.

விடுதித் தெருவில் அவருக்கு ரோந்து. அங்கே வாடகை அறைகளில் தனியாக இருந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கழுத்து நெரிபட்டுச் செத்தார்கள். மூன்று முறையும் முதலில் உள்ளே போனவர் அப்பா. எதையும் தொடக்கூடாது என்பது இன்ஸ்பெக்டரின் உத்தரவு. அப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கலைந்த உடையைச் சரிசெய்து, போர்வையை முகம்வரை இழுத்து, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினார். வீட்டில் எங்களுக்கும் அப்படித்தான் போர்த்துவார். அதன் பிறகே விசில் ஊதினார்.

கைரேகையையே ஜோசியமாகப் பார்த்த காலம் அது. துப்புக் கிடைக்காத இன்ஸ்பெக்டர், மனநோய் ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தார். மூன்றாவது அறையைப் பார்த்துவிட்டு டாக்டர் ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"போர்வையைப் பாருங்க. இவனுக்கு வெட்கம் இருக்கு. செத்த முகத்தைப் பார்க்க முடியல. அக்கா தங்கச்சிகளுக்கு நடுவுல வளர்ந்தவன். மெதுவாப் பேசுவான். துணியைப் பதமாக் கையாளுவான். இந்தத் தெருவுல அவனைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டாங்க."

மறுநாளே சலவைக்காரனைப் பிடித்தார்கள். கல்யாணமாகாத அக்காக்களோடு இருந்தவன், வாய் திறந்தால் காற்றுதான் வரும். அடித்த அடியில் ஒத்துக்கொண்டான். தூக்கு நிச்சயம் என்றார் இன்ஸ்பெக்டர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

போர்த்தியது தான்தான் என்று அப்பா அம்மாவிடம் மட்டும் சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஏங்க, வெளியில சொன்னா வேலை போயிடுமே."

"சொல்லலன்னா அவன் உசுரு போயிடும்டி."

சொன்னாரே தவிர, ஸ்டேஷனில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த பெண் செத்தபோது சலவைக்காரன் லாக்கப்பில் இருந்தான். இனி அவனை விட்டுவிடுவார்கள், நாம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அப்பாவுக்கு நிம்மதி. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். டாக்டர் வந்து, திறந்து கிடந்த முகத்தைப் பார்த்தார்.

"இது வேற ஆள். அவனா இருந்தா மூடியிருப்பான்."

அப்பாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "ஐயா, அந்த மூணு பேரையும் மூடினது நான்தான்யா."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு அக்கா எத்தனை பேரு?"

"நாலு பேருய்யா."

"பெல்ட்டைக் கழட்டு."

டாக்டரை ஊரே திட்டும். நான் திட்ட மாட்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை, அச்சு அசலாக எங்கள் அப்பாதான். கொலைகாரன் மட்டும் அதில் இல்லை.

சலவைக்காரன் வெளியே வந்தான், அப்பா உள்ளே போனார். இன்னொரு பெண் செத்து, கொலைகாரன் கையும் களவுமாக அகப்பட்ட பிறகுதான் வீடு திரும்பினார். வேலை போயிருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

அன்று தம்பி காய்ச்சலில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கிடந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புள்ளை நடுங்குறான், போர்த்தி விடுங்களேன்," என்றாள் அம்மா.

"நீ போர்த்துடி," என்றார்.