துணிக்கொடியில் வந்த காளை

எங்கள் வீட்டில் பல வருஷமாகத் துணி காய்ந்தது கேபிள் டிவி வயரில்தான். வீட்டுக்கு டிஷ் வந்த பிறகு அந்தக் கறுப்பு வயருக்கு வேலை போய்விட்டது. வேலை இல்லாத யாரையும் சும்மா விட்டுவைக்கும் குணம் எனக்குக் கிடையாது. முருங்கை மரத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே கைக்கெட்டும் உயரத்தில் அது தொங்கிய இடத்தில் ஈரத்துணியைப் போட ஆரம்பித்தேன். துருப்பிடிக்காது, சேலையில் கறை ஒட்டாது. கேபிள் டிவி ஓடிய காலத்தில்கூட அது எனக்கு இவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை.

ஒருநாள் வீடியோ காலில் என் வீட்டுக்காரர் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டார். அவருக்கு வளைகுடாவில் கடைகளுக்குக் கேமரா மாட்டுகிற வேலை.

"அந்தத் துணியெல்லாம் எடு. அந்த வயரு வேணும்" என்றார்.

"அப்ப நான் எங்கிட்டுத் துணி காயப்போடுறது?"

"மொதல்ல அப்பாவக் காப்பாத்துவோம். அப்பறம் ஒனக்குக் கொடி கட்டுவோம்."

அவர் அப்பாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, குடலிறக்கம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது கொஞ்ச நாளில் தேங்காய்மூடி அளவுக்கு வந்துவிட்டது. குடல் அதில் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று புதுக்கோட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மாமா தலையை ஆட்டிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து சாக்குத்தான். ஆடியில் கத்தி வைக்கக்கூடாது என்றார். ஆடி போனது. நடவு என்றார். நடவும் முடிந்தது. பிறகு சாக்குச் சொல்லவும் அலுத்துப்போய், உண்மையைச் சொன்னார்.

"நான் போயிட்டா காளைய யாரு பாக்குறது?"

எங்கள் காளை செவலை. மஞ்சுவிரட்டில் வாடிவாசலைத் தாண்டி ஒருத்தர் கையிலும் சிக்காமல் வந்த காளை என்று அறந்தாங்கிப் பக்கம் நாலு ஊருக்குத் தெரியும். மாமாவையும் என்னையும் தவிர யாரையும் பக்கத்தில் விடாது. என்னையும் தவிட்டு வாளிக்காகத்தான் விடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரியில் மாமாவோடு இருக்க வேண்டியவளும் நான்தான். அத்தை போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது.

நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். "நீங்க இல்லாமப் போயிட்டா மட்டும் அது எப்பிடி மாமா இருக்கும்?"

அவர் வயிற்றுப் புடைப்பைக் கையால் அழுத்திக்கொண்டார். பிறகு, "அங்கன படுத்துக்கிட்டே அவனக் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கலாம்னா சொல்லு ஆத்தா, இப்பவே வாரேன்" என்றார். நடக்காது என்ற தைரியத்தில் சொன்னதுதான். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டதே. அந்த வார்த்தையைத்தான் நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதனால்தான் அவர் கண் என் துணிக்கொடியின் மேல் விழுந்தது.

காளையைக் காட்டுகிற ஒரு கேமராவுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். காளைக் கொட்டகை வீட்டிலிருந்து வெகுதூரம். நடுவில் தென்னையும் வேம்பும் அடைத்து நிற்பதால் வைஃபை எட்டாது. கொட்டகைக்குப் பக்கத்தில் மோட்டார் ரூம் உண்டு, ஆனால் பம்ப்செட்டுக்கு வருகிற கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அதை நம்பிக் கேமரா வைத்தால் பாதி நாள் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். புது வயர் இழுக்கலாம். அங்கேதான் வந்தது வினை. பாகப்பிரிவினையில் முன்துண்டும் பின்துண்டும் எங்களுக்கு, நடுத்துண்டு மாமாவின் தம்பிக்கு. என் சின்ன மாமனார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் கொட்டகைக்கே நாங்கள் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றித்தான் போவோம். புது வயர் என்றால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பழைய வயர் அவர் தலைக்கு மேலே ஏற்கனவே தொங்குகிறது. மாமா ஒருகாலத்தில் மோட்டார் ரூமில் டிவி வைத்துப் பார்த்ததற்காக இழுத்த வயர் அது. காளை இருக்கும் இடம்வரை அதுவே போகும்.

"அந்த வயருக்குள்ள இருக்க செம்புக் கம்பி போதும்" என்றார் என் வீட்டுக்காரர். "கேமராவோட ரெண்டு சின்னப் பெட்டி அனுப்புறேன். ஒண்ண வீட்டுல மாட்டு, ஒண்ணக் கொட்டகையில மாட்டு. படம் இங்கிட்டு வரும், கரண்ட் அங்கிட்டுப் போகும். எல்லாம் ஒரே வயருல."

ஒரே வயரில் எதிரும் புதிருமாக இரண்டும் எப்படிப் போகும் என்று கேட்டேன். நம்ம ஊர் ஒத்தையடிப் பாதையில் ஆடும் ஆளும் போகவில்லையா என்றார். கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக, வீட்டில் எந்த வயர் செத்தாலும் பிணப் பரிசோதனை நான்தான் செய்வேன். பெட்டிகள் வந்ததும் துணியை அள்ளிப்போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன்.

வீட்டுப் பக்கம் மாட்டினேன். விளக்கு எரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்மாய்க்கரையைச் சுற்றிப்போய்க் கொட்டகைப் பக்கம் மாட்டினேன். ஒன்றும் எரியவில்லை. காளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன், மறுபடி சுற்றிப் போனேன். அன்றைக்கு நான் நடந்த நடைக்குத் திருமயம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"நடுவுல ஸ்ப்ளிட்டர் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். "ஒரு வயர ரெண்டு வீட்டுக்குப் பிரிக்கிற சாமான். டிவி படம் அதத் தாண்டிரும், நம்ம கரண்ட் தாண்டாது. அதக் கழட்டிட்டு நேரா ஒரு ஜாயிண்ட் போட்டுரு."

"அது எங்க இருக்கு?"

அவர் குரல் இறங்கியது. "சித்தப்பா வீட்டு ஜன்னலுக்கு மேல" என்றார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்ததே அந்த ஸ்ப்ளிட்டரில்தான். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். அப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே கேபிள் கனெக்ஷன்தான். செவலை அப்போது கன்றுக்குட்டி, அண்ணனும் தம்பியும் சேர்ந்து சந்தையில் பிடித்துவந்தது. டிவியில் மஞ்சுவிரட்டு நேரலை ஓடிக்கொண்டிருந்தது. சின்ன மாமா பாதி ஊரைக் கூட்டி வீட்டில் உட்காரவைத்திருந்தார். காளை வாடியைவிட்டு வெளியே வருகிற நேரம், அவர் டிவியில் படம் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் டிவியில் ஜோராக ஓடுகிறது. மனுஷர் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். நான் அடுப்படியில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"வயர வெட்டி விட்டியாண்ணே?" என்று அவர் கேட்டதும் கேட்டது, "ஆமா, நாந்தான் வெட்டுனேன். இப்ப என்னங்கிற?" என்று மாமா சொன்னதும் கேட்டது. அதோடு சரி. அண்ணன் தம்பி பேச்சு அன்றைக்கே முடிந்தது.

மாமாவிடம் சொல்லாமல் நான் சின்ன மாமா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சின்ன மாமா, ஒங்க ஜன்னலுக்கு மேல ஒரு சின்ன வேல இருக்கு."

"வெட்டுன ஆளயே வந்து ஒட்டச் சொல்லு."

"அவுகளுக்குக் கொடலெறக்கம். ஆபரேசன் பண்ணணும். இந்த வயரு ஓடி, காளைய போன்ல பாத்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேங்குறாக."

அவருக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை. பக்கத்து வீடு, கூடப்பிறந்தவர், தெரியவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய் ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாத்தி, அடியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

மேலே ஸ்ப்ளிட்டர் குளவிக்கூடும் ஒட்டடையுமாக இருந்தது. அதைக் கழற்றினேன். வந்த வயரையும் கொட்டகைக்குப் போகிற வயரையும் ஜாயிண்ட் போட்டு, தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றினேன். மிச்சம் இருந்தது சின்ன மாமா வீட்டுக்குள் போகிற வயர். அதை ஓரமாக ஒதுக்கும்போதுதான் பார்த்தேன். சன்ஷேடு ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உறையெல்லாம் கொறித்துக் கிடந்தது. உள்ளே கம்பி இற்றுப் போயிருந்தது. பக்கத்திலேயே நாரும் பஞ்சுமாக ஒரு பழைய கூடு.

கத்தி வெட்டு அப்படி இருக்காது. அணில்.

அந்தத் துண்டை மட்டும் நறுக்கிக் கீழே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் அந்தப் பல் தடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அப்பறம் ஏன் நாந்தான் வெட்டுனேன்னாரு?"

"நீங்க பாதி ஊரக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னு கேட்டா, வேற என்ன சொல்லுவாக?"

"இல்லடான்னு சொல்லணும்!"

"யாரு? மாமாவா?"

அவர் வாய்க்குள் ஏதோ முனகினார். வீம்பு பிடித்த குடும்பம். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டவர் ஒருத்தர், கேட்கக்கூடாத இடத்தில் கேட்டவர் ஒருத்தர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே அணில் கடித்ததில் ஒரு குடும்பமே விழுந்துகிடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்கலாமென்று ஆத்திரமும் வந்தது.

கொட்டகையில் விளக்கு எரிந்தது. என் போனில் காளை வந்தது. தவிட்டு வாளியில் மூக்கை விட்டு, கேமராவுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

மாமா போனை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்மாய்க்கரையைச் சுற்றிப்போய் நேரிலும் பார்த்துவிட்டு வந்தார், இரண்டும் ஒன்றுதானா என்று. ஸ்ப்ளிட்டரைப் பற்றியும் அணிலைப் பற்றியும் சொன்னேன். "அணிலா? ம்" என்றார். அவ்வளவுதான். வெட்டவில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"சரி, பாக்கலாம். தீனி யாரு போடுறது?"

"அதுக்கு ஆள் சொல்லிட்டேன்."

யாரென்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைத் தட்ட முடியாமல் வேட்டியை மடித்துப் பையில் வைத்தார். புதுக்கோட்டை பஸ்ஸில் போகிற வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினார். கண்டக்டரிடமும் காட்டினார்.

ஆபரேஷன் அன்று காலையில் அவருக்குப் பிரஷர் ஏறியிருந்தது. இறங்கவில்லை என்றால் இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு, திரும்பவும் வந்து பார்ப்பதாக நர்ஸம்மா போனார்.  இன்றைக்கு எழுந்து ஊருக்குப் போனால் இந்த மனுஷரை மறுபடி கட்டி இழுத்து வர முடியாது.

அந்த நேரம் பார்த்துப் போனில் கொட்டகைப் படல் திறந்தது. வாளியோடு உள்ளே வந்தது சின்ன மாமா.

மாமா எழுந்து உட்கார்ந்தார். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். போச்சு, பிரஷர் உச்சிக்குப் போகப்போகிறது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செவலை தலையைத் தாழ்த்தியது. மூச்சு சீறியது. சின்ன மாமா நகரவில்லை, நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தார். காளை காதை முன்னால் கொண்டுவந்தது. மெல்ல வந்து அவர் தோள் துண்டை மோந்தது, பிறகு கையை நக்கத் தொடங்கியது. கன்றுக்குட்டியாக இருந்தபோது அவர்தானே அதற்குப் புட்டிப்பால் கொடுத்தார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்தது வழிந்தபடி இருந்தது. திடீரென்று, "இதுல பேசலாமா ஆத்தா?" என்றார்.

மைக் பட்டனை அழுத்திக் கொடுத்தேன். என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"டேய்!" என்றார் வார்டே திரும்பிப் பார்க்கும்படி. "பருத்திக்கொட்டைய ஊற வைக்காமப் போடாதடா! அவனுக்கு வயிறு உப்பிக்கிரும்!"

கொட்டகையில் சின்ன மாமா துள்ளி விழுந்தார். இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்து, கடைசியில் கேமராவைக் கண்டுபிடித்து அண்ணாந்தார். முகம் முழுக்கத் திரையில் நிறைந்தது.

"ராத்திரியே ஊற வச்சு, காலையில அரச்சதுதாண்ணே" என்றார். "நல்லாப் பாத்துட்டுப் பேசு. ஒன் வயித்த மொதல்ல பாரு."

அண்ணே என்ற அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் பஞ்சமாக இருந்தது.

மாமா போனை என் கையில் கொடுத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்து மல்லாந்து படுத்து, கையை நீட்டி வைத்துக்கொண்டார்.

"அந்த நர்ஸம்மாவக் கூப்புடு ஆத்தா. பிரஷர் பாக்கச் சொல்லு."