கன்னிமாரிடம் பூக்கட்டிப் பார்த்தது

அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்தின் மேற்கு மூலையில் ஏழு கற்கள் இருக்கின்றன. முழங்கால் உயரம்தான், மஞ்சள் பூசியிருக்கும். கன்னிமார் என்பார்கள். சுற்றிலும் புங்கன், நாவல், வெட்பாலை. நடுவில் ஒரு சின்னச் சுனை. சித்திரை வெயிலிலும் அது வற்றி நான் பார்த்ததில்லை. கிரிவலப் பாதையை ஒட்டி இப்படி இருந்த மற்ற தோப்புகளெல்லாம் மனைக்கட்டாகவும் டீக்கடையாகவும் மாறிவிட்டன. இது தப்பித்ததற்குக் காரணம் பயம். உச்சி வேளையில் அந்தப் பக்கம் யாரும் தனியாகப் போகமாட்டார்கள். ஒரு சுள்ளிகூட ஒடிக்கமாட்டார்கள். மாதவிலக்கான பெண் என்றால் நூறடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். கல்யாணமாகி வந்த முதல் ஆடிப் பூசையிலேயே இந்த நூறடிக்காகச் சண்டை போட்டேன். ஏழு பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எட்டாவது பெண்ணுக்கு என்ன தடை என்று கேட்டேன். என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, என் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்துவிட்டு நகர்ந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் கன்னிமார் விஷயத்தில் ஒரு அங்குலம் நகரமாட்டார்.

போன வருஷம் அக்காவின் கணவர் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தோப்பை எடுத்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் போடலாம் என்றார்.

"ஜேசிபி வெச்சா ஒரே நாள்ல சமம் பண்ணிடலாம். பௌர்ணமின்னா வண்டி நிறுத்த எடமில்லாம சனங்க அல்லாடுறாங்க."

"அந்த மரத்தோட வேருதான் மாமா மலையிலேர்ந்து எறங்குற தண்ணிய புடிச்சு வெக்குது. அத எடுத்துட்டா சுனை போயிடும், நம்ம கெணறும் போயிடும்" என்றேன்.

"இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லுமா. இங்க ஆம்பளைங்க பேசிக்கினு இருக்கோம்."

என் கணவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய் அக்கா முன்னாலேயே அழுதேன். பேசவிடாமல் வாயை அடைப்பது போல ஒரு அவமானம் கிடையாது.

ஆனால் கூட்டம் முடியும்போது அதே மனிதர் கையெடுத்துக் கும்பிட்டு, "எதுக்கும் கன்னிமாருகிட்ட பூக்கட்டிப் பாத்துடலாம். அவங்க உத்தரவு குடுத்தாதான் ஜேசிபி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சோறு ஆக்கிப் போடுகிற இரண்டு பெண்களைக் கேட்கமாட்டார்கள், கல்லாக நிற்கிற ஏழு பெண்களைக் கேட்பார்கள்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் பழைய வழக்கம். வாழையிலைத் துண்டில் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும், வெள்ளை நந்தியாவட்டையை இன்னொரு பொட்டலமாகவும் அடையாளம் தெரியாதபடி கட்டிக் கன்னிமார் முன்னால் வைப்பார்கள். வீட்டுக்குப் பெரியவர் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் சுனையில் விட்டுவிட வேண்டும். கட்டுகிற வேலை மருமகள்களுடையது, முறை வைத்து. போர்வெல் போட்டபோது அக்கா கட்டினார். இந்தத் தடவை என் முறை.

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக்குப் போய் அரளி மட்டும் பறித்தேன். நந்தியாவட்டைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரண்டு இலையிலும் சிவப்பையே வைத்து நாரால் கட்டினேன். அன்று எனக்கு மாதவிலக்கில் இரண்டாம் நாள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் கேட்காதவர்களுக்குப் பொய்தான் சரி என்று நினைத்துக்கொண்டேன். துளிக்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. பொட்டலங்களைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

உச்சி வேளைக்குத் தோப்புக்குப் போனோம். பாதையில் போகிற பஸ் சத்தம் முதல் மரத்தைத் தாண்டியதும் நின்றுபோனது. ஒரு பறவை கத்தவில்லை. ஆடிப் பூசைக்குப் பிறகு யாரும் அங்கே வந்திருக்க வழியில்லை, ஆனால் கற்களில் மஞ்சள் ஈரமாக இருந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்தேன். மண்டை பிளக்கிற வெயிலில் ஏது பனி? நூறடிக் கோட்டைத் தாண்டும்போது என் கால் தானாக ஒரு நொடி தயங்கியது. தாண்டினேன். யாரோ என்னைத் தலைமுதல் கால்வரை நிதானமாகப் பார்ப்பது போலிருந்தது. திரும்பினால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமா ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"வேணாங்கிறாங்க" என்று தரையில் விழுந்து கும்பிட்டார். ஜேசிபி பேச்சு அதோடு முடிந்தது. ஆண்களும் அக்காவும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். எனக்குள் குதியாட்டம். மிச்சப் பொட்டலத்தைச் சுனையில் விடுவது கட்டியவள் வேலை. நான் மட்டும் நின்றேன்.

தண்ணீரில் வைத்து அழுத்தினேன். கை மரத்துப்போகிற குளிர்ச்சி. நார் நெகிழ்ந்து இலை விரிந்தது. உள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பூ மேலே வந்தது.

எல்லாம் வெள்ளை.

நந்தியாவட்டைதான். ஐந்து இதழ், நடுவில் மங்கலான மஞ்சள். வகுப்பில் எத்தனையோ முறை மேஜைமேல் வைத்து விளக்கிய பூ. அது அலையில்லாத தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கற்களின் பக்கம் நகர்ந்தது. காற்றில்லை. திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தேன், பாதையில் ஹாரன் சத்தம் கேட்கும்வரை.

வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டேன். மாடத்தில் இருந்தபோது அக்கா ஒன்றை மாற்றியிருப்பார், வேறு யார்? அப்படி நினைத்ததும்தான் மூச்சு வந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்து பின்கட்டில் இருவரும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும்மா. மனசு கேக்கல."

"சொல்லுங்கக்கா."

"காலையில நீ அரளி மட்டும் பறிக்கறத பாத்துட்டேன். அந்தத் தோப்பு போச்சுன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன், அது வேற. ஆனா அவங்கள கேக்கறேன்னு சொல்லிட்டு அவங்க வாயயே அடச்சிடலாமா? நீ குளிக்கப் போனப்ப ரெண்டையும் அவுத்துப் பாத்தேன். ஒண்ணுல வெள்ளை இருந்தா கட்டிடலாம், இல்லன்னா நானே பறிச்சு வெச்சிடணும்னு."

கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "என்னக்கா இருந்துச்சு?"

"ஒண்ணுல செவப்பு, ஒண்ணுல வெள்ளை. நீ மொறையாத்தான் வெச்சிருந்த. அப்படியே திருப்பிக் கட்டிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "படிச்ச பொண்ணு, சாமிய நம்பாது, ஏமாத்திடும்னு நெனச்சுட்டேன். ஒன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே. மன்னிச்சுடுமா."

சோப்பு நுரையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கன்னிமார் விஷயத்தில் அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நான் சொல்லியிருக்கலாம். வெள்ளை நான் வைத்ததில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பின்கட்டில் எங்களோடு இன்னும் யாரோ நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பது போலிருந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

"பரவால்லக்கா, விடுங்க" என்றேன்.