மூஸுக்குக் காணாத சன்னம்

ரொறன்ரோவில், தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிஃப்ட்டில் நின்றவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு ரூஜில் வீடு, எனக்கு மல்வேர்னில். வேட்டை லைசன்ஸ் வகுப்புக்கு ஒன்றாகப் போய், இரண்டு வருடம் மானுக்கு அலைந்தோம். மூன்றாவது வருடம் மூஸ் சுட அனுமதி கிடைத்தது. மூஸும் மான்தான், ஆனால் குதிரையைவிட உயரம்.

அண்ணையிடம் இருந்த வேட்டைத் துப்பாக்கி .243 அளவுத் துவக்கு. மூஸுக்குப் பெரிதாக ஒன்று எடுக்க ஸ்காபரோவில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரக் கிழவர் கண்ணாடி மேசையில் தோட்டாக்களை நிறுத்தி வைத்தார். சின்ன .22 முயலுக்கு. .243 மானுக்கு. மூஸுக்கு .308 அல்லது அதற்கும் மேலே.

அண்ணை .308 ஒன்றைத் தூக்கித் தோளில் அணைத்தார். உடனே கீழே வைத்துவிட்டார். ஊரில், சண்டைக் காலத்தில், ஷெல் துண்டு பட்ட தோள் அது.

"சுடேக்கை உது உதைக்கிற உதை என்ரை தோளுக்குச் சரிவராது. மூஸுக்கும் என்ரை .243 காணும்," என்றார்.

கிழவர் இல்லை என்று தலையை ஆட்டினார். சட்டம் தடுக்காது, ஆனால் .243-இன் சன்னம், பாயும் அந்தக் குண்டு, லேசானது, மூஸின் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடும் என்றார். விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும், கிட்டவும் நிற்க வேண்டும். "அப்படி நிற்கச் சொல்லி மூஸுக்கு யார் சொல்வது?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும் அண்ணை என்னைப் பார்த்தார். "நீர் என்ன சொல்லுறீர்?"

கிழவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். என்னிடம் இருந்ததே .308 தான். இருந்தும், "உங்கடை குறி தப்பாது அண்ணை," என்றேன்.

வடக்கே காரில் நாலு மணி நேர ஓட்டம். முதல் நாள் காலை, சதுப்பு நிலத்தில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. பைன் மரங்களுக்கிடையிலிருந்து ஒரு மூஸ் வெளியே வந்து, எங்களை நோக்கி அரைவாசி திரும்பி நின்றது. முழுதாகத் திரும்பட்டும் என்று நான் காத்திருந்தேன். அண்ணை காத்திருக்கவில்லை.

மூஸ் விழவில்லை. ஒருமுறை குலுங்கியது. பிறகு ஒரு முன்னங்காலை ஊன்றாமல், அவசரமே இல்லாமல் பற்றைப் புதருக்குள் போனது.

அடிபட்டது எங்காவது படுக்கட்டும் என்று அரை மணி நேரம் பொறுத்துவிட்டுப் பின்தொடர்ந்தோம். இரத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடந்தது. ஓர் இலையில் வெள்ளையாக எலும்புச் சில்லு. அண்ணை அதைக் குனிந்து பார்த்தார், எடுக்கவில்லை. உள்ளே போகப் போகப் பற்றை நெருங்கியது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. என் மூச்சுதான் பெரிதாகக் கேட்கிறது என்று நினைத்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

"அண்ணை, நில்லுங்கோ."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் பற்றை முறிந்தது. மூஸ் போன வழியிலேயே திரும்பி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. காதுகள் பின்னால் மடிந்திருந்தன, பிடரி மயிர் நிமிர்ந்திருந்தது. மூன்று காலால் வந்தாலும் அவ்வளவு வேகம். அண்ணை துவக்கை உயர்த்தவே இல்லை. கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். நான் இரண்டு முறை சுட்டேன். அவருக்கு ஐந்தடி தள்ளி அது விழுந்தது.

அண்ணை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். தோலை உரிக்கும்போது அவருடைய சன்னத்தைக் கண்டோம். தோள் மூட்டு நொறுங்கிக் கிடந்தது. அதற்குள்ளே செப்புத் துண்டுகள். நெஞ்சுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

திரும்பி வருகிற வழியில், ரொறன்ரோ விளக்குகள் தெரியத் தொடங்கியபோது அண்ணை கேட்டார்.

"கடையிலை அந்த மனுசன் சொன்னது சரி எண்டு உமக்குத் தெரியும் தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குக் கோவம் வரும் எண்டு..."

"வந்தா வரட்டுமே. அது கால் முறிஞ்சு அரை மணித்தியாலம் நிண்டதடாப்பா."

அதுவரை என்னை அவர் மரியாதையாக 'நீர்' என்றுதான் பேசுவார். உரிமையோடு 'அடாப்பா' என்றது அன்றுதான். இறைச்சியில் பங்கு வேண்டாம் என்றார். அடுத்த மாதம் வேறு ஷிஃப்ட்டுக்கு மாறினார். கன்டீனில் கண்டால் தலையசைப்பார், நிற்கமாட்டார்.

இப்போதும் சில நாட்களில், மெஷின்களை நிறுத்தியதும் வருகிற அமைதியில், அந்த மூஸின் மூச்சு கேட்கிறது. நான் என் மூச்சை அடக்கிப் பார்ப்பதில்லை.