தம்பிக்கு முதல் வாய்

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குக் கடையே தேவைப்படவில்லை. கடையில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். வீட்டைச் சுற்றி மரவள்ளி, வேலியோரம் முருங்கை, பின்னால் நாலு கோழி. விளக்குக்குத் தேங்காயெண்ணெய் அம்மாவே காய்ச்சினாள். துணிக்கும் பாத்திரத்துக்கும் அடுப்புச் சாம்பல். உப்புத் தீர்ந்தால் கடற்கரைக்குப் போய்த் தகர டின்னில் கடல்தண்ணீரைக் காய்ச்சி எடுத்து வருவாள். அதில் மணல் நறநறக்கும். ஆனாலும் அந்த உப்புப் போட்டு அவித்த கிழங்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எச்சில் ஊறுகிறது. சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், தின்றவளுக்குத்தானே தெரியும்!

அரிசி மட்டும் எங்கள் மண்ணில் விளையவில்லை. அதைக் கண்ணால் பார்த்தே மாதக் கணக்காயிற்று. தம்பிக்கு ஒன்பது மாதம். ஆறாம் மாதமே கோயிலில் வைத்துச் சோறூட்டியிருக்க வேண்டும். முதலில் சோறு வாயில் படாமல் வேறெதுவும் கொடுக்க மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

"கிழங்கையாவது குடேன், புள்ள தேறாது போலிருக்கு" என்றார் அப்பா.

"முதல் வாய்க்கே கிழங்கா? காலம் பூராவும் எம்புள்ள சோத்துக்கு அலையணுமா?"

அம்மாவுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. தம்பி கத்திக் கத்தி, கடைசியில் கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தான். எனக்கு அவன் செத்துப்போவான் என்று பயம்.

ஒருநாள் காலை அம்மா உப்புக் காய்ச்சப் போயிருந்தாள். எனக்குப் பதினோரு வயது, மூக்குநுனியில் கோபம். சாத்திரமாவது மண்ணாவது என்று கிழங்கைக் குழைய மசித்து, தேங்காய்ப்பால் விட்டு ஊட்டினேன். படுபாவி, என் விரலையும் சேர்த்துச் சப்பினான்.

பாதியில் அம்மா வந்துவிட்டாள். "அடிப் பாவி, என்னடி பண்ணிட்ட!" என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். தம்பி எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் கிண்ணத்தைப் பார்த்து வாயைத் திறந்தான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா நானே பட்டினி போட்டுட்டேனே" என்று அழுதாள். அழுதுகொண்டே மீதியை அவளே ஊட்டினாள். எனக்குக் கன்னம் எரிந்தது, கோபம் மட்டும் போய்விட்டது.

மறுநாள் மசித்த கிழங்கை வாழையிலையில் கட்டிக்கொண்டு துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தோம். சன்னதிக்கு எதிரே அம்மா இலையைப் பிரித்தாள்.

"அப்பனே, எங்க வீட்டுச் சோறு இதுதான்" என்று சத்தமாகவே சொல்லித் தம்பிக்கு ஊட்டினாள்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. குருக்கள் தம்பியின் நெற்றியில் விபூதி இட்டார். அப்போது தூணோரம் நின்ற ஒரு பெண், இடுப்பில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையோடு, கிட்டே வந்தாள்.

"அக்கா, எம்புள்ளைக்கும் ஒரு வாய் குடுங்க. நானும் அரிசி கிடைக்கட்டும்னுதான் காத்துக்கிட்டு இருக்கேன்."