சுருக்காத மகாலட்சுமி

எங்கள் வெப்சைட் வெளியே ஒரு கம்ப்யூட்டரில் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. செய்து கொடுத்த மதுரைக்காரர் தன் கம்ப்யூட்டரிலேயே காட்டினார், பளிச்சென்று வந்தது. அதோடு திருப்தியாகிவிட்டோம்.

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற எல்லோரையும் போல நாங்களும் ஆடிப்பெருக்கன்று சாம்பிள் ஆல்பத்துக்குப் பூஜை போட்டுத்தான் ஆர்டர் பிடிக்கக் கிளம்புவோம். முதல் தாள் மகாலட்சுமி, எப்போதும் முழு அளவு. வெப்சைட்டின் முதல் பக்கத்துக்கும் அதையே கொடுத்தோம், அச்சுக்கு ஸ்கேன் செய்த அதே கனத்தோடு. "படம் ரொம்பப் பெருசு, நெட்ல இறங்காது, சுருக்கிரட்டுமா?" என்று மதுரைக்காரர் கேட்டார்.

"சாமியப் போய்ச் சுருக்கச் சொல்றீகளே!" என்றார் என் வீட்டுக்காரர். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விருதுநகரில் ஒரு மளிகை அண்ணாச்சி, வியாபாரிகள் சங்கத் தலைவர். சங்கத்துக் கடைகள் அத்தனைக்கும் காலண்டர் எங்கே அடிப்பது என்பது அவர் வாக்கு. அந்த ஆர்டர் கிடைத்தால் சீசன் முழுக்க எங்கள் மிஷின் ஓடும். இல்லாவிட்டால் துணியைப் போட்டு மூடிவிட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் போனிலேயே பீற்றிக்கொண்டுவிட்டார். "இனிமே ஆல்பமெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? இருந்த இடத்துலயே பாத்துக்கிரலாம்." ஆனாலும் வெப்சைட்டைக் காட்ட அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் ஆல்பத்தைத் துணிப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி வீட்டு ஹாலில் சங்கத்து ஆட்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நெட்டுக்காக வீட்டு டெலிபோன் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கிரீடம் தெரிந்ததும் அண்ணாச்சியின் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து கும்பிட்டு நின்றார். நெற்றி வந்தது. புருவம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணு எப்பம்மா வரும்?" என்று என்னைக் கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஆத்தா இப்பத்தான சிவகாசியில பஸ் ஏறிருக்கா, மெதுவா வரட்டும்" என்றார் சங்கத்து ஆள் ஒருவர். ஹாலே சிரித்தது. அந்த நேரம் பார்த்து உள்ளறையில் யாரோ அதே லைனில் போனை எடுக்க, நெட் அறுந்து திரை வெள்ளையாகிவிட்டது. மறுபடி கிரீடத்திலிருந்து ஆரம்பம். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அண்ணாச்சி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "விடுங்கய்யா. கையில ஆல்பம் இருந்தாக் குடுங்க, இப்பவே பாத்து முடிச்சிருவோம்" என்றார்.

"கொண்டு வரல அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர். பை என் காலடியில் இருப்பது அவருக்குத் தெரியும். பீற்றிய வாயால் எப்படி எடுக்கச் சொல்வார்? நானாவது துண்டை விலக்கி எடுத்து நீட்டியிருக்கலாம். அம்புட்டுப் பேரும் இன்னொரு தடவை சிரிப்பார்களே என்று பயந்து, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். காலால் தள்ளினேன், உள்ளே மகாலட்சுமி இருக்கிறாள் என்று தெரிந்தே.

அண்ணாச்சியின் மனைவி அதைப் பார்த்துவிட்டார். "பையில என்னம்மா?"

"சாப்பாடுக்கா."

"அட, அப்ப இங்கனயே பிரிச்சுச் சாப்பிடுங்க. குழம்பு நான் ஊத்துறேன்." மறுப்பதற்குள் இரண்டு இலையைப் போட்டுத் தண்ணீரும் தெளித்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உளறிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்க முகமில்லை.

மறுவாரமே படத்தைச் சுருக்கச் சொன்னோம். வெப்சைட் சட்டென்று திறந்தது. அதற்குள் ஆர்டர் வேறொரு பிரஸ்ஸுக்குப் போயிருந்தது. எங்கள் மிஷின்மேல் துணி விழுந்தது.

ஜனவரி வருஷப் பிறப்புக்கு, அந்தச் சங்கத்துக் காலண்டர் ஒன்றை அண்ணாச்சி மரியாதைக்காக எங்களுக்கும் அனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் ஒரே சாமி படம் பல பேர் ஆல்பத்தில் இருப்பது வழக்கம். சுருட்டியிருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் முதல் தாளில் இருந்த அதே மகாலட்சுமி. கடைப் பெயருக்கு இடம் விட்டு, பாதியாகச் சுருக்கி அடித்திருந்தார்கள்.